வெளியே வரும்போது கையில் என்ன இருக்கும்? கலிஃபோர்னியா கோர்ட் ஸ்கூலில் டிப்ளமாவா, ஜி.இ.டி.யா, கல்லூரியா, தொழிலா

வகுப்பு முடிந்ததும் முதல் வேலை பென்சில் எண்ணுவது. மேசை ஓரத்தில் துளை போட்ட மரக்கட்டை ஒன்று இருக்கும். பன்னிரண்டு துளை, பன்னிரண்டு குட்டைப் பென்சில். ஒன்று குறைந்தாலும் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஜுவனைல் ஹாலில், அதாவது வழக்கில் சிக்கிய சிறார்களை அடைத்துவைக்கும் இடத்தில், வாரம் இரண்டு மாலை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். ஒருநாள் அப்படிப் பென்சில் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், 17 வயதுப் பையன் ஒருவன் தன் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மதிப்பெண் பதிவுத் தாளை, என் பக்கம் நகர்த்தி, "மிஸ், இதுல எவ்வளவு என்னோட வெளிய வரும்?" என்று கேட்டான்.

தாளில் 87.5 கிரெடிட் என்று இருந்தது. முடித்த பாடத்துக்குப் பள்ளி தரும் புள்ளிதான் கிரெடிட். அவனுக்கு நான்கு பேர் நான்கு வழி காட்டியிருந்தார்கள். நீதிமன்றத்துக்காக அவனைக் கண்காணிக்கும் ப்ரொபேஷன் அதிகாரி, "ஜி.இ.டி. எழுதிவிடு, சீக்கிரம் முடிந்துவிடும்" என்றாராம். உயர்நிலைப் பள்ளி டிப்ளமாவுக்குப் பதிலாக எழுதும் தேர்வு அது. பள்ளிக் கவுன்சலர் டிப்ளமாவை முடிக்கச் சொன்னார். அம்மாவுக்கு, அவன் பழைய பள்ளிக்கே திரும்பிப் போக வேண்டும். பக்கத்து அறைப் பையன் உள்ளிருந்தபடியே கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தான். அதைப் பார்த்து இவனுக்கும் அந்த ஆசை. நான்கு பேர் சொன்னதும் நல்ல யோசனைதான். ஆனால் எல்லாம் இவனுக்குப் பொருந்துமா என்று யாரும் இவனோடு உட்கார்ந்து பார்த்திருக்கவில்லை.

இதைத் தமிழில் எழுத ஒரு காரணம் உண்டு. இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த நிலைமை வருகிறது. வந்தால் வெளியே சொல்வதில்லை. என்னிடம் ஃபோனில் கேட்பவர்கள்கூட குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். வழக்கைப் பற்றி வக்கீலிடம் கேட்டுவிடுகிறார்கள். படிப்பைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. பிள்ளை உள்ளே இருந்தாலும் அவன் படிப்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை பெற்றோரிடமே இருக்கிறது. நீதிமன்றம் ஜே.வி. 535 என்ற உத்தரவு மூலம் அதை வேறொருவருக்கு மாற்றியிருந்தால்தான் இல்லை. ஆகவே நீங்கள் கேட்கலாம், கூட்டத்துக்குப் போகலாம், மறுக்கலாம்.

முதலில், கோர்ட் ஸ்கூல் என்று சொல்லும், உள்ளேயே நடக்கும் இந்தப் பள்ளி எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜுவனைல் ஹால், கேம்ப், ராஞ்ச் என்று எங்கே பிள்ளைகளை வைத்திருந்தாலும் காவலும் நடமாட்டமும் ப்ரொபேஷன் துறையின் பொறுப்பு. பள்ளியை நடத்துவது பெரும்பாலும் கவுண்டி கல்வி அலுவலகம். நாளுக்குக் குறைந்தது 240 நிமிடம் வகுப்பு நடக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு துறை ஒரே கட்டடத்தில் இருப்பதால் வரும் சிக்கல்களை உள்ளே போய்ப் பார்த்தால்தான் புரியும். பிள்ளைகள் தங்கும் யூனிட்டில் ஒரு சண்டை நடந்தால் ஆசிரியர் தயாராக நிற்பார், பிள்ளைகள் வரமாட்டார்கள்.

இன்னொன்று: மாநிலமே நடத்திவந்த சிறார் நிலையங்கள் 2021 ஜூலையில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தின, 2023 ஜூன் 30-ல் மூடப்பட்டன. எஸ்.பி. 823 என்ற 2020-ம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு அது. அதன்பிறகு, கடுமையான வழக்கில் பல வருடம் இருக்க வேண்டியவர்களும் கவுண்டியிலேயே இருக்கிறார்கள். அதனால் இன்று ஒரே கவுண்டியின் கோர்ட் ஸ்கூல் பத்து நாள் தங்கும் பையனுக்கும் மூன்று வருடம் தங்கும் பையனுக்கும் பாடம் நடத்துகிறது. இரண்டு பேருக்கும் ஒரே வழியைச் சொன்னால் ஒருவனுக்காவது அது பொருந்தாது.

முடிவெடுக்கும் முன் வாசிப்பு

எந்த வழி என்று பேசத் தொடங்கும் முன் நான் கேட்பது மூன்று விஷயம். எத்தனை நாள் உள்ளே இருக்கப் போகிறான்? கிரெடிட் எவ்வளவு, எந்தெந்தப் பாடத்தில்? அப்புறம், ஒரு பக்கத்தைத் தானாக வாசித்துப் புரிந்துகொள்ள அவனால் முடிகிறதா?

மூன்றாவதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் லான்காஸ்டர் பக்கம் சேலஞ்சர் என்ற பெரிய கேம்ப் இருந்தது. அங்கே பிள்ளைகளுக்குப் படிப்பே கிடைக்கவில்லை என்று 2010 ஜனவரியில் ஏ.சி.எல்.யு. உள்ளிட்ட குடிமை உரிமை அமைப்புகள் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. அதில் முன்வைக்கப்பட்ட ஒரு செய்தி என் மனதை விட்டுப் போகவே இல்லை: அங்கே பல காலம் இருந்த ஒரு மாணவன் உயர்நிலைப் பள்ளி டிப்ளமா வாங்கியிருந்தான், அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வழக்கு 2011-ல் சமரசத்தில் முடிந்து சீர்திருத்தம் வந்தது. இப்போதெல்லாம் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் கிரெடிட் ஏறிக்கொண்டே போக, வாசிப்பு நான்காம் வகுப்பிலேயே நின்றுவிட்ட பிள்ளைகளை நான் இன்றும் பார்க்கிறேன்.

என்னிடம் தாளை நகர்த்தியவனும் அப்படித்தான். வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு வாசிப்பான். மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள் தடையில்லாமல் வரும். நீண்ட சொல் வந்தால் முதல் எழுத்தைப் பார்த்து ஊகிப்பான். ஊகம் பாதி நேரம் சரியாகவும் இருக்கும். அதனால்தான் இத்தனை வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வகுப்பில் வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் ஏதாவது குறும்பு செய்து வெளியே அனுப்ப வைத்துக்கொள்வானாம். அதை அவனே சொன்னான்.

இங்கே சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகள் நிறைய. 2005-ல் வெளியான ஒரு தேசியக் கணக்கெடுப்பில், அமெரிக்கச் சிறார் நிலையங்களில் மூன்றில் ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தார். ஆகவே பழைய ஐ.இ.பி. (அந்தப் பிள்ளைக்கென்று எழுதிய சிறப்புக் கல்வித் திட்டம்) இருக்கிறதா, அது இங்கே வந்து சேர்ந்ததா, இல்லையென்றால் மதிப்பீடு கேட்டு எழுதிக்கொடுத்தாகிவிட்டதா என்பதை முதல் வாரமே பாருங்கள். இது முடியாமல் டிப்ளமாவா ஜி.இ.டி.யா என்று பேசுவது வீண்.

ஜி.இ.டி.: சீக்கிரம் யாருக்கு?

நான்கு தேர்வுகள்: மொழி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஒவ்வொன்றிலும் 145 எடுத்தால் தேர்ச்சி. ஹைசெட் என்ற மாற்றுத் தேர்வில் ஐந்து பகுதி. கலிஃபோர்னியா இரண்டையும் ஏற்கிறது. பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும்; அடைபட்டிருக்கும் 17 வயதினருக்குச் சில நிபந்தனைகளோடு விதிவிலக்கு உண்டு. 16 வயதிலேயே எழுதக்கூடிய மாநிலத் தகுதிச் சான்றிதழ் ஒன்றும் தனியாக இருக்கிறது. 2023 முதல் அதற்கும் இதே தேர்வுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இதன் பெரிய பலம், வகுப்பில் இத்தனை மணிநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற கணக்கு இல்லை. எத்தனை பள்ளி மாறினான், எந்தப் பள்ளி கிரெடிட்டைத் தொலைத்தது என்ற பழங்கதை எதுவும் இதற்குத் தேவையில்லை. பாஸ் செய்த பகுதி அவன் பெயரிலேயே இருக்கும். இரண்டை உள்ளேயும் இரண்டை வெளியேயும் எழுதலாம்.

பலவீனம், அது முழுக்க முழுக்க வாசிப்புத் தேர்வு. கணக்குத் தாளில்கூடக் கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நான்காம் வகுப்பு அளவில் வாசிப்பவனை, "சீக்கிரம் முடியும்" என்று இதற்கு அனுப்புவது எனக்குக் கோபத்தை வரவழைக்கும் விஷயம். இரண்டு முறை தோற்றுவிட்டு, "நான் முட்டாள்" என்று மறுபடி முடிவுகட்டிக்கொள்வான். அந்த முடிவோடுதான் அவன் முதலில் பள்ளியை விட்டதே.

வேலைச் சந்தையிலும் இரண்டும் ஒன்றல்ல. பொருளாதாரத்தில் 2000-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். திறமை வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், ஜி.இ.டி. வாங்கியவர்களின் சம்பாத்தியம் பள்ளியை விட்டவர்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, டிப்ளமாக்காரர்களுக்குப் பக்கத்தில் இல்லை என்று காட்டினார். ராணுவத்தில் சேர நினைப்பவனுக்கும் டிப்ளமாதான் முதல் படி, ஜி.இ.டி.க்கு இடம் குறைவு. ஆனால் கல்லூரிக்கு இது போதும். ஃபெடரல் உதவித்தொகைக்கும் போதும்.

சரி, அப்படியானால் யாருக்கு? 18-ஐ நெருங்கிவிட்டான், நன்றாக வாசிக்கிறான், கிரெடிட் மட்டும் மிகக் குறைவு. அவனுக்கு இது அருமையான வழி. அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. புத்தகம் புத்தகமாக வாசித்துத் தள்ளுவார்கள். ஏழு பள்ளி மாறியிருப்பார்கள். தாளில் 30 கிரெடிட் இருக்கும்.

டிப்ளமா: 130 என்ற எண்

நிறையப் பெற்றோருக்குத் தெரியாத விஷயம் இது. கலிஃபோர்னியா மாநிலம் டிப்ளமாவுக்குக் கேட்கும் குறைந்தபட்சம் வருடக் கணக்கில் 13 பாடம்: ஆங்கிலம் 3, கணக்கு 2, அறிவியல் 2, சமூக அறிவியல் 3, உடற்கல்வி 2, கலை அல்லது பிறமொழி அல்லது தொழிற்கல்வி 1. ஒரு வருடப் பாடத்துக்கு 10 கிரெடிட் என்றால் 130. அதற்குமேல் இருப்பதெல்லாம் அந்தந்தப் பள்ளி டிஸ்ட்ரிக்ட் சேர்த்தது. லாஸ் ஏஞ்சலஸ் யூனிஃபைட் என்ற டிஸ்ட்ரிக்டில் 210 வேண்டும்.

2016-ல் வந்த ஏ.பி. 2306 என்ற சட்டம், கோர்ட் ஸ்கூல் மாணவர்களுக்கு இந்தக் குறைந்தபட்சத்தை உரிமையாக்கியது. கோர்ட் ஸ்கூலில் இருக்கும்போதே மாநிலம் கேட்பதை முடித்துவிட்டால் கவுண்டி டிப்ளமா கொடுத்தாக வேண்டும். கூடுதலாக எதுவும் கேட்கக் கூடாது. உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் வருடம் முடித்தபிறகு கோர்ட் ஸ்கூலிலிருந்து சாதாரணப் பள்ளிக்கு மாறினால் அந்த டிஸ்ட்ரிக்டும் தன் கூடுதல் நிபந்தனைகளிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும், நான்கு வருடத்துக்குள் அவனால் முழுவதையும் முடித்துவிட முடியும் என்று அது கருதினாலொழிய. அந்த விலக்கு உண்டா இல்லையா என்பதை அவன் சேர்ந்து 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

இப்போது அந்த 87.5-க்கு வருவோம். நானும் அவனும் உட்கார்ந்து பாடவாரியாகப் பிரித்தோம். 27.5 எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம். எந்தப் பள்ளியிலோ ஆசிரியருக்கு உதவியாளராக இருந்ததற்கு ஐந்து, 'படிப்புத் திறன்' என்ற பெயரில் பத்து, இப்படி. 130 கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. மீதி 60. ஆக இன்னும் 70 வேண்டும், அதாவது ஒரு பாடத்துக்கு 5 கிரெடிட் வீதம் பதினான்கு அரையாண்டுப் பாடங்கள். அவன் முகம் வாடியது. ஆனால் முதல் தடவையாக அவனுக்கு ஓர் உண்மையான எண் கிடைத்தது. அதுவரை எல்லோரும் "நிறைய இருக்கிறது", "பரவாயில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே டிப்ளமாவை நோக்கிப் போவதில் ஆபத்து வேகம். வகுப்பறையில் கணினித் தொகுப்பு இருக்கும். காணொளி, பத்துக் கேள்வி, அடுத்தது. பத்துக் கேள்வியையும் ஊகித்தே தாண்டலாம், மூன்று வாய்ப்பு கிடைக்கும். ஒரு பையன் மூன்று வாரத்தில் அமெரிக்க வரலாற்றின் அரையாண்டை முடித்துவிட்டு வந்து என்னிடம் காட்டினான். உள்நாட்டுப் போர் யாருக்கும் யாருக்கும் நடந்தது என்று கேட்டேன். தெரியவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. சேலஞ்சர் வழக்கு நடந்த அதே லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில், பெண்பிள்ளைகள் இருந்த சாண்டா கிளாரிட்டா கேம்ப்களில், 'ரோட் டு சக்சஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். சில வாரங்களுக்கு ஒரு கருப்பொருள். அதைச் சுற்றியே ஆங்கிலம், அறிவியல், வரலாறு எல்லாம். கடைசியில் பிள்ளைகள் தாங்கள் செய்ததை எல்லோர் முன்னாலும் வைப்பார்கள். இடையில் வந்து சேரும் பிள்ளைக்கும் அதிக நாள் காத்திருக்காமல் ஒரு தொடக்கம் கிடைக்கும் என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது. உங்கள் பிள்ளை எந்த முறையில் படிக்க வேண்டும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் கேட்கலாம்: "இந்த ஐந்து கிரெடிட்டுக்கு அவன் என்ன எழுதினான்? நான் பார்க்கலாமா?" இந்த ஒரு கேள்விக்கே ஆசிரியர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஆசிரியர்களுக்கு அது சந்தோஷத்தைத்தான் தரும். கேட்க யாரும் வருவதில்லை என்பதுதான் அவர்களுடைய பெரிய வருத்தம்.

இதிலேயே இன்னொரு முடிவு ஒளிந்திருக்கிறது. 130 முடிந்துவிட்டது, டிப்ளமா தயார் என்று வைத்துக்கொள்வோம். அதை உடனே வாங்க வேண்டுமா? வேண்டாம் என்று சொல்லவும் தள்ளிப்போடவும் அவனுக்கு உரிமை உண்டு. அதைக் கவுண்டி அவனுக்கும் கல்வி உரிமை வைத்திருப்பவருக்கும் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. தள்ளிப்போட்டால், வெளியே வந்து சாதாரணப் பள்ளியில் இன்னும் படிக்கலாம். யூ.சி., கால் ஸ்டேட் என்ற மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடியாகச் சேர 15 குறிப்பிட்ட பாடங்கள் வேண்டும். 130-க்கான டிப்ளமாவில் அவை நிறைவதில்லை. கம்யூனிட்டி காலேஜ் வழியாகப் பிறகு பல்கலைக்கழகம் போகும் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது, ஆகவே பெரும்பாலானவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை.

நஷ்டம் வருவது வேறிடத்தில். ஐ.இ.பி. உள்ள பிள்ளைக்கு 22 வயது வரை இலவசச் சிறப்புக் கல்வி கேட்கும் உரிமை இருக்கிறது. முறையான டிப்ளமாவை வாங்கிய அன்றே அந்த உரிமை முடிந்துவிடும். ஜி.இ.டி. வாங்கினால் முடியாது. வாசிப்பு இன்னும் நான்காம் வகுப்பில் நிற்கும் பிள்ளைக்கு, வாசிப்புச் சிகிச்சை தரச் சட்டப்படி கடமைப்பட்ட ஒரே இடத்திலிருந்து விலகல் கடிதம் வாங்குவதுபோல அது. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டும்போது இதைச் சொல்வது கஷ்டம். இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

கல்லூரி வகுப்பு

பத்து வருடம் முன்பு இதை ஒரு வழியாகவே எண்ணியிருக்க மாட்டோம். எஸ்.பி. 716 என்ற சட்டத்தால் 2020 முதல், டிப்ளமாவோ அதற்குச் சமமானதோ முடித்த பிள்ளைகளுக்கு உள்ளேயே கல்லூரிப் பாடங்கள் கிடைக்க ப்ரொபேஷன் துறை வழி செய்ய வேண்டும். டிப்ளமா முடிக்காதவர்களும் பள்ளியில் இருந்தபடியே இரட்டைச் சேர்க்கையில் கல்லூரிப் பாடம் எடுக்கலாம். சிறை அனுபவம் உள்ள மாணவர்களுக்காகக் கம்யூனிட்டி காலேஜ்கள் நடத்தும் 'ரைசிங் ஸ்காலர்ஸ்' திட்டத்துக்கு 2021-ல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. சிறார் நிலையப் பிள்ளைகளுக்கென்று 2022 பட்ஜெட்டில் வருடத்துக்கு 1.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். சான் மட்டேயோ கல்லூரியின் 'புராஜெக்ட் சேஞ்ச்' திட்டத்தில் பேராசிரியர்களே ஜுவனைல் ஹாலுக்குள் வந்து பாடம் நடத்துகிறார்கள். வெளியே வந்ததும் கல்லூரி வளாகத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரு முகம் காத்திருக்கிறது.

அந்தத் தெரிந்த முகம்தான் இந்த வழியின் உயிர். கல்லூரி யூனிட் (அங்கே கிரெடிட்டுக்கு அந்தப் பெயர்) எந்தச் சிக்கலும் இல்லாமல் வெளியே வரும். மாநிலத்தின் எந்தக் கம்யூனிட்டி காலேஜும் அதைப் பார்த்து, "இது கோர்ட் ஸ்கூல் கிரெடிட்தானே" என்று முகம் சுளிக்காது. கட்டணமும் தடையில்லை: யூனிட்டுக்கு 46 டாலர், வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அதுவும் தள்ளுபடி. ஆனால் வெளியே வந்தபிறகு பஸ் ஏறி அந்த வளாகத்துக்குப் போக வேண்டுமே. யாரையும் தெரியாத இடத்துக்கு அவன் போகமாட்டான். எனவே நான் இணையவழி வகுப்பைவிட ஆசிரியர் நேரில் வரும் வகுப்பையே எப்போதும் சொல்வேன். உள்ளே இருக்கும் மடிக்கணினியில் பாதித் தளங்கள் அடைபட்டிருக்கும். பேராசிரியர் அனுப்பிய இணைப்பு திறக்காது. திறக்க யாரிடம் கேட்பது என்பதற்குள் வாரம் போய்விடும்.

எச்சரிக்கை ஒன்று. கல்லூரியில் வாங்கிய எஃப், அதாவது தோல்வி, அப்படியே நிற்கும். பின்னாளில் உதவித்தொகை கேட்கும்போது குறுக்கே வரும். திடீரென்று வேறு கேம்புக்கு மாற்றிவிட்டால் பாடம் பாதியில் நிற்கும். விலகிக்கொள்ளும் கடைசித் தேதியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் வந்தால் அன்றே கல்லூரிக்குச் சொல்ல ஒரு ஆளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில்

இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. நல்ல திட்டங்கள் உண்டு. ஆமடார் கவுண்டியில் பைன் குரோவ் என்ற முகாமில் இளைஞர்கள் மாநிலத் தீயணைப்புத் துறையோடு சேர்ந்து காட்டுத்தீ அணைக்கப் பயிற்சி பெறுகிறார்கள். மாநில நிலையங்கள் மூடப்பட்டபோதும் அதை மட்டும் மூடவில்லை. அதுபோல வேலையும் பயிற்சியும் ஒன்றாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மற்றபடி, சான்றிதழ் அட்டை என்றாலே வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஃபோர்க்லிஃப்ட் உதாரணம் பாருங்கள். பையன்களுக்கு அதில் அவ்வளவு ஆர்வம். ஆனால் 18 வயதுக்குக் கீழே அந்த வேலையில் வைக்கவே ஃபெடரல் சட்டம் விடாது. 18 ஆனாலும், ஓட்டுநரைச் சோதித்துத் தகுதி சொல்லும் பொறுப்பு அந்தந்த முதலாளியுடையது. வெளியில் வாங்கிய அட்டை ஒரு ஆரம்பம் மட்டுமே. முடிதிருத்தும் தொழிலுக்கோ 1,000 மணிநேரப் பயிற்சிக்கும் ஒரு தேர்வுக்கும் பிறகு மாநில உரிமம் கிடைக்கும். மாநிலத்துக்குள் எங்கே போனாலும் அது கூட வரும். எந்தப் பயிற்சியானாலும், "இதன் கடைசியில் யார் தரும் தாள்? அந்தத் தாளை யார் மதிக்கிறார்கள்?" என்று கேட்டுவிடுங்கள். தொழிலை டிப்ளமாவுக்குப் பதிலாக வைக்காமல் கூடவே வைத்தால், அந்த 13 பாடங்களில் ஒன்றாகவும் அது கணக்கில் சேரும்.

பழைய பள்ளிக்குத் திரும்புதல்

குறுகிய காலம் உள்ளே இருக்கும் பிள்ளைக்கு இதுதான் பதில், வேறு யோசனை வேண்டாம். ஜுவனைல் ஹாலில் பெரும்பாலானவர்கள் தங்குவது சில நாளிலிருந்து சில வாரம் வரைதான். அவன் எந்தெந்த வகுப்பில் இருந்தானோ அதே பாடங்களை உள்ளேயும் வைக்கச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். கோர்ட் ஸ்கூலில் இருந்தான் என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது. பாதிப் பாடத்துக்குப் பாதிக் கிரெடிட்டையும் ஏற்க வேண்டும். முடித்ததை மறுபடி எடுக்கச் சொல்லக் கூடாது. இவை சட்டம். நடைமுறையில், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்காது. நீங்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும். 20 பள்ளி நாளுக்கு மேல் உள்ளே இருந்தவனுக்கு, வெளியே வந்தபின் படிப்பு எப்படித் தொடரும் என்று தனித் திட்டம் ஒன்றை எழுதித் தரக் கவுண்டி கடமைப்பட்டிருக்கிறது. அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அவன் எடுத்த முடிவு

நீதிபதி அவனுக்கு ஏழு மாதம் கேம்ப் என்றார். ஏழு மாதத்தில் 70 கிரெடிட் முடியாது என்று இருவருக்கும் தெரியும். ஜி.இ.டி.யை வாசிப்பு முன்னேறும்வரை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். கல்லூரி ஆசையை நான் தடுக்கவில்லை. கேம்பில் ஒரு பேராசிரியர் நேரில் வந்து நடத்தும் வகுப்பு இருந்தால் ஒன்றே ஒன்று எடு என்றேன். மதிப்பீடு செய்யச் சொல்லி அம்மா எழுதிக்கொடுத்தார். வாசிப்புக்குத் தனி ஆசிரியர், வாரம் நான்கு நாள். மீதி நேரம் 130-ல் கணக்கில் சேரும் பாடங்கள் மட்டும். எலெக்டிவ் ஒன்றுகூட வேண்டாம் என்று கவுன்சலரிடம் கேட்டுக்கொண்டோம். அவரும் மனதார உதவினார்.

எதிர்பார்த்ததைவிட இரண்டு வாரம் முன்னதாக, ஒரு வியாழக்கிழமை, அவனை விட்டார்கள். அப்போது 60 என்பது 92.5 ஆகியிருந்தது. வாசிப்பு ஏழாம் வகுப்பை எட்டிக்கொண்டிருந்தது. இப்போதும் விரல் வைப்பான், ஆனால் நீண்ட சொல்லை உடைத்துப் படிப்பான். 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்ற சொல்லை நான்கு துண்டாக்கிச் சேர்த்தபோது அவனே சிரித்துவிட்டான்.

வீட்டுக்கு அருகிலிருந்த கன்டினுவேஷன் பள்ளியில் (கிரெடிட்டில் பின்தங்கியவர்களுக்கான பள்ளி) சேர்ந்தான். நாளுக்கு மூன்று மணிநேரம் வகுப்பு, மாலையில் மாமாவோடு பெயிண்ட் வேலை. கூடுதல் நிபந்தனையிலிருந்து விலக்குக் கடிதம் 26-வது நாள் வந்தது. ஆனால் புதிய டிரான்ஸ்கிரிப்டில் 90 என்றுதான் இருந்தது. பாதியில் நின்ற உலக வரலாறு அதில் இல்லை. முடிக்காத பாடத்துக்குக் கிரெடிட் கிடையாது என்றார்களாம். அவன் அம்மா மூன்று தடவை ஃபோன் செய்தார். நான்காவது தடவை, கேம்ப் பள்ளி கொடுத்திருந்த முத்திரைத் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரிலேயே போனார்.

அடுத்த வாரம் அவன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். டிரான்ஸ்கிரிப்டின் ஒரு வரி மட்டும், கொஞ்சம் மங்கலாக, ஓரத்தில் பெயிண்ட் படிந்த கட்டைவிரலோடு: உலக வரலாறு, 2.50.